பட்டை உட்கார்ந்தபோது: பழைய லாரிக்கு ஸ்பிரிங் மாற்றிய அனுபவம்

ஆரணி அரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு கண்ணமங்கலம், வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக வி.கோட்டாவுக்கும் கோலாருக்கும் லாரி ஓட்டுவது என் பிழைப்பு. வண்டி 2003-ஆம் ஆண்டு மாடல். இரண்டு அச்சு, ஆறு டயர், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை 16.2 டன். 2017-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். முதலாளியும் நானே, ஓட்டுநரும் நானே, பல நாட்களில் கிளீனரும் நானே. எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் ஆகியவற்றில் கை வைக்கும் அளவுக்கு எனக்குப் பழக்கம் உண்டு. பட்டையை, அதாவது அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கை மட்டும், நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இரும்பை இரும்பின் மேல் அடுக்கியிருக்கிறார்கள், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். 2023 ஐப்பசியில் அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலை 58,900 ரூபாய். கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தெரிந்தது சாய்வு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னால் நின்று பார்த்தால் இடது பக்கம் தாழ்ந்திருந்தது. எங்கள் தொழிலில் இதைப் ‘பட்டை உட்கார்ந்துவிட்டது’ என்போம். இடது பக்கம்தான் பெரும்பாலும் முதலில் உட்காரும்; நாம் சாலையின் இடது ஓரமாக ஓட்டுகிறோம், மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கிறது, குழியும் மண் ஓரமும் அந்தப் பக்கமே இருக்கின்றன. நான் பார்த்தேன், அளக்கவில்லை. அளந்திருந்தால், அதாவது வெறும் வண்டியாக நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பின் அச்சின் கூடான ஹவுசிங்கின் மேற்புறத்திலிருந்து வண்டிச் சட்டமான சேசிஸின் அடிப்புறம் வரை இரு பக்கமும் டேப் பிடித்து எழுதி வைத்திருந்தால், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதும், மாதா மாதம் அது கூடுகிறதா என்பதும் கையில் இருந்திருக்கும். தரையிலிருந்து பாடி வரை அளப்பதில் பயனில்லை. டயரின் காற்றும் பாடியின் கோணலும் அந்த அளவைக் கெடுத்துவிடும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினேன். அங்கே இருந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல், “பழைய பட்டையை எடுத்துச் சூடு காட்டி வளைவு ஏத்திடலாம்ணா, கூட ஒரு தடிச்ச பட்டை போட்டுட்டா ஆயுசுக்கும் உட்காராது” என்றார். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. பட்டைகளின் முழு அடுக்கை, அதாவது புதிய கட்டு வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். இவர் கேட்டது 7,800 ரூபாய். தீபாவளிக்கு முன் நான்கு நடை கூடுதலாக ஓட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. ஒப்புக்கொண்டேன். கேஸ் டார்ச்சை வைத்து, கட்டின் மேலே உள்ள நீளமான மெயின் பட்டையையும் அடுத்த இரண்டையும் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைத்தார்கள். பழைய இரும்புக் குவியலிலிருந்து 14 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டையை எடுத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, நடுவில் துளை போட்டு, என் 12 மில்லிமீட்டர் பட்டைகளுக்கு நடுவே செருகினார்கள். இடது பக்கம் மட்டும்தான் வேலை. கட்டை அச்சோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகளையே மறுபடி மாட்டினார்கள். பட்டைகளை நடுத்துளையில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் 12 மில்லிமீட்டரில் இல்லை என்று 10 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டார்கள். இவை அனைத்தையும் நான் அருகில் நின்று டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஐந்து தவறுகள் என் கண்ணெதிரில் நடந்தன; ஒன்றுகூட எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

அடுத்த ஐந்து வாரங்களில் வண்டி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது, நான்தான் கேட்கவில்லை. வெறும் வண்டியாகத் திரும்பும்போது இடது பின்சக்கரம் குதித்தது. சாய்வு போய்விட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அது வலப்பக்கத்துக்கு மாறியிருந்தது. இடது பக்கம் உயர்ந்துவிட்டதால், பாரம் ஏறும்போது மட்டும் தொட வேண்டிய துணைப் பட்டையான ஹெல்பர் ஸ்பிரிங் அந்தப் பக்கம் தொடவே இல்லை, வலப்பக்கத்தில் எப்போதும் தொட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பின்னால் வந்த ஓட்டுநர் ஒருவர், “வண்டி நண்டு மாதிரி ஓடுது, பாருங்க” என்றார். நேராகப் போகும் வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கி வருவதைத்தான் அவர் சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஐந்து வாரத்தில் இடது பின் டயர்கள் இரண்டும் இறகு இறகாகத் தேய்ந்து போயின. டயர்க்காரர் அலைன்மெண்ட் பார்க்கச் சொன்னார். முன் சக்கரத்தைப் பார்த்தேன், பின் அச்சைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வண்டி நின்றது பத்தலப்பல்லி மலைப்பாதையில். 25 கிலோ மூட்டைகள் 360, அதாவது 9 டன் அரிசி ஏற்றியிருந்தேன். இரவு பத்து மணி இருக்கும், தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்று, முதல் கியரில் மறுபடி இழுத்தபோது, துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. பின்பகுதி இடப்பக்கம் இறங்கியது. நான்கடி நகர்வதற்குள் ரப்பர் கருகும் வாசனை வந்தது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், இடது பின்சக்கரம் தன் இடத்திலிருந்து முன்னால் நகர்ந்து, பாடியின் அடிக்கட்டையில் டயர் உரசிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்தேன். கௌண்டின்யா காட்டிலிருந்து யானைகள் இறங்கும் பாதை அது என்பதால் கீழே நிற்கவும் பயம். அன்றிரவு என்னைத் தின்றது யானை பயமல்ல, அந்தச் சத்தம் ஏறும்போது கேட்காமல் இறங்கும்போது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு. பொழுது விடியும்வரை அந்த ஒரு கேள்வியை விட்டு மனம் நகரவில்லை.

பின்சக்கரம் ஏன் நகர்ந்தது என்பதை அப்போதுதான் யோசித்தேன். பட்டை பாரம் தாங்குவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். என்னுடையது போன்ற வண்டிகளில் பின் அச்சைச் சேசிஸோடு கட்டிப் பிடித்திருப்பதே பட்டைதான். எஞ்சினின் இழுப்பும் பிரேக்கின் பிடிப்பும் மெயின் பட்டையின் முன் பாதி வழியாகத்தான் சேசிஸுக்குப் போகின்றன. ஷாக் அப்சார்பர் கெட்டால் வண்டி ஆடும், அவ்வளவுதான். மெயின் பட்டை போனால் அச்சுக்குப் பிடிமானமே இல்லை.

மறுநாள் பேரணாம்பட்டிலிருந்து வேறு லாரி வரவழைத்து மூட்டைகளை மாற்றினேன். லாரி வாடகை 6,500. ஏற்றி இறக்கியதற்கு மூட்டைக்குப் பத்து ரூபாய் வீதம் 3,600. மெக்கானிக் வந்து மரக்கட்டை கொடுத்து அச்சைச் சங்கிலியால் கட்டி, கீழே இழுத்து வந்ததற்கு 5,500. சரக்கு ஒரு நாள் தாமதமானதற்காக வியாபாரி பிடித்துக்கொண்டது 2,000. அவர் பிடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் கடை இருக்கிறது.

வண்டியை வேலூருக்குக் கொண்டு வந்த பிறகு, நண்பர் ஒருவர் சொல்லி, நாற்பது ஆண்டுகளாகப் பட்டை வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். உடைந்த துண்டுகளை அவர் கேட்டார். நல்லவேளை, நான் அவற்றை இரும்புக் கடையில் போடாமல் வைத்திருந்தேன். நீங்களும் உடைந்த பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், உடைப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது முழுக் கதையையும் சொல்லிவிடும். அவர் முதலில் கையில் எடுத்தது மெயின் பட்டையை அல்ல, நடுவில் செருகிய 14 மில்லிமீட்டர் பட்டையை. அதுவும் உடைந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்து, வழவழப்பாக, துருவேறியிருந்தது. மீதிப் பகுதி மட்டும் உடைத்த வெல்லக்கட்டி போல மணல்மணலாக மின்னியது. “கறுப்பு இருக்குதே, அது பழைய விரிசல் தம்பி. மின்னுறதுதான் கடைசியா ஒடிஞ்சது. இது உங்க வண்டிக்கு வர்றப்பவே பாதி செத்துதான் வந்திருக்குது” என்றார். மெயின் பட்டை சென்டர் போல்ட் துளையின் குறுக்காக ஒடிந்திருந்தது. பட்டை துளையில் ஒடிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது யூ போல்ட்டின் தளர்வை என்றார் அவர். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை, அது கவ்விப் பிடித்திருக்கும் நடுப்பகுதி வளையாது. தளர்ந்துவிட்டால் துளை இருக்கும் இடமே, அதாவது இரும்பு குறைவாக உள்ள இடமே வளையத் தொடங்கும். பட்டையின் முனையில் ‘பின்’ என்ற இரும்பு ஆணி நுழையும் வளையத்துக்கு அருகில் ஒடிந்திருந்தால், அந்த ஆணியைச் சுற்றியுள்ள உறையான புஷ் இறுகிப் போனதையும், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒடிந்திருந்தால் அதிகப் பாரத்தையும், துரு அரித்த குழிகளையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

அவர் அடுக்கிச் சொன்ன வரிசை இதுதான். விரிசல் விட்ட தடித்த பட்டை முதலில் ஒடிந்தது. கட்டு தளர்ந்தது. ஏற்கெனவே நீண்டு போயிருந்த பழைய யூ போல்ட்டுகள் அந்தத் தளர்வை ஈடுகட்டவில்லை. ஹவுசிங்கில் கட்டு உட்காரும் மேடையில் உள்ள குழியில் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் சிறிய தலை சரியாக உட்காராததால் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நண்டு நடையும் டயர் தேய்மானமும் அதனால் வந்தவை. சூடு காட்டியதால் பதம் இழந்த மெயின் பட்டை கடைசியில் துளையில் ஒடிந்தது. இரண்டாம் பட்டையின் மடிப்பு மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி வருவது இப்படிப்பட்ட நேரத்தில் அச்சைப் பிடித்து நிறுத்தத்தான். ஆனால் கட்டே தளர்ந்திருக்கும்போது அது எதைப் பிடிக்கும்?

சூடு காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டை இரும்பு சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கன் மாங்கனீசோ, குரோமியமோ கலந்த எஃகு. அதைக் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தி, பிறகு சிறு எஃகுக் குண்டுகளை அதன் பரப்பில் மழையாய் அடித்து விரிசல் எளிதில் தொடங்காதபடி செய்கிறார்கள். கேஸ் டார்ச் பட்ட நொடியே அந்த வேலைகள் எல்லாம் அந்த இடத்தில் அழிந்துவிடுகின்றன. வளைவு திரும்பி வந்தது போலத் தெரியும். சில வாரங்களில் மறுபடி உட்காரும், அல்லது என்னுடையதைப் போல ஒடியும். சூடில்லாமல் அழுத்தி வளைவு ஏற்றும் முறை இருக்கிறது. அது இதைவிட மேலானது. ஆனால் இருபது ஆண்டுகள் பாரம் சுமந்து களைத்த எஃகுக்கு அது இளமையைத் திருப்பித் தந்துவிடாது. ஒடிந்த பட்டையை வெல்டிங் வைப்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது தடிமன் பற்றிய விளக்கம். பட்டை கனமாக இருந்தால் வலுவாக இருக்கும் என்றுதான் நம்மில் பலரும் நம்புகிறோம். கனம் கூட்டுவதால் முதலில் கூடுவது விறைப்பு, அதுவும் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில். 12 மில்லிமீட்டரை 14 ஆக்கினால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. நீளத்துக்கு இது நேர்மாறாக வேலை செய்கிறது. நீளம் சிறிது குறைந்தாலும் விறைப்பு வேகமாகக் கூடும். அகலமும் எண்ணிக்கையும் மட்டுமே நேர்விகிதத்தில் கூட்டுகின்றன. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே கட்டில் உள்ள பட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வளைகின்றன. அப்படி ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் பரப்புதான் அதிக இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. 12-க்கு 14 என்றால் ஆறில் ஒரு பங்கு அதிகம். பாதுகாப்புக்கு என்று நான் பணம் கொடுத்துச் செருகிய பட்டைதான் அந்தக் கட்டிலேயே முதலில் ஒடியக் காத்திருந்தது. ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பட்டறைக்காரர் மீது இருந்த கோபத்தில் பாதி என் மீது திரும்பியது.

சரி, எந்த விறைப்பு நமக்கு வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? எடைமேடைக்குப் போங்கள். பாய் என்னைப் பட்டை வாங்க அனுப்பவில்லை, முதலில் எடைச் சீட்டு கொண்டு வரச் சொன்னார். வண்டி முழுதும் மேடையில் நிற்கும்போது ஓர் எடை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்கும்போது இன்னோர் எடை. வெறும் வண்டிக்கு ஒரு முறை, வழக்கமான பாரத்தோடு ஒரு முறை. என் வண்டி பதிவான காலத்து விதிப்படி நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன்னும் முன் அச்சுக்கு 6 டன்னும் வரம்பு. இரண்டும் சேர்ந்ததே அந்த 16.2. பின் அச்சின் 10.2 டன்னில் ஹவுசிங், சக்கரங்கள், டிரம் ஆகியவற்றின் எடை ஏறக்குறைய ஒரு டன். அது பட்டையின் மேல் ஏறுவதில்லை. மீதியை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக் கட்டும் ஹெல்பரும் சேர்ந்து தாங்க வேண்டியது நாலரை டன் அளவுதான். கம்பெனி கொடுத்த பட்டை அதற்குப் போதும். “இன்னும் ரெண்டு பட்டை போட்டா மூணு டன் கூட ஏத்தலாம்” என்பவர்கள், அந்த மூன்று டன்னைத் தாங்குவதற்கு ஹவுசிங்கும் சேசிஸும் பிரேக்கும் டயரும் மாறவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்றாகிவிட்டது. நான் நியாயம் பேசுவதாக நினைக்க வேண்டாம், அறுவடைக் காலத்தில் நானும் ஏற்றியவன்தான். பட்டையைக் கூட்டி அதற்கு வழி செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்து, அளவு. கடையில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் போதும் என்று நினைத்துப் போனேன், அங்கேயும் ஏமாற இருந்தேன். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர்கள் எதை எதை மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. என் வண்டியில் வலப்பக்கத்துக் கட்டு கை படாமல் இருந்ததால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து அளந்தோம். மெயின் பட்டையின் ஒரு வளையத்தின் மையத்திலிருந்து மறு வளையத்தின் மையம் வரை, வளைவை ஒட்டியே டேப் பிடித்தால் 1,430 மில்லிமீட்டர். இதை மட்டும் அளந்து விட்டுவிடக் கூடாது. முன் வளையத்திலிருந்து சென்டர் போல்ட் வரை 700, அங்கிருந்து பின் வளையம் வரை 730. இந்த முப்பது மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முதல் கடையில் எனக்கு எடுத்து வைத்த கட்டு நடுவில் சரிபாதியாகத் துளையிட்டது. மாட்டியிருந்தால் பின் அச்சு 15 மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கும். சரியான கட்டையே முன்பின் மாற்றி மாட்டினாலும் முப்பது மில்லிமீட்டர் தள்ளும், அதனால் கழற்றும் முன்பே எது முன்பக்கம் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அகலம் 80. கனத்தை வெர்னியர் அளவுகோலால், தேய்மானம் இல்லாத முனைப்பகுதியில் அளக்க வேண்டும். வளையத்தின் உள் விட்டம், பின்னின் விட்டம், சென்டர் போல்ட்டின் விட்டம், அதன் தலையின் விட்டம், பட்டைகளின் எண்ணிக்கை, அடுக்கின் மொத்த உயரம், யூ போல்ட்டின் கம்பி விட்டமும் உள் அகலமும் நீளமும், இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கட்டைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனேன். இரு வளையங்களுக்கும் இடையே நூல் கட்டி, நூலுக்கும் மெயின் பட்டைக்கும் இடையே உள்ள உயரத்தையும் குறித்தோம்; உட்கார்ந்த பட்டையில் இது குறைவாகத்தான் இருக்கும் என்பதால் புதியதோடு ஒப்பிட மட்டுமே பயன்படும்.

பட்டை எடைக்குத்தான் விற்கப்படுகிறது. இதில் ஒரு வசதி உண்டு: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.43 மீட்டர் நீளம், 80 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு பட்டை பத்தே முக்கால் கிலோ அளவில் இருக்க வேண்டும். கனம் 11 என்று குறைந்தால் எடை தராசிலேயே தெரிந்துவிடும். பத்துப் பட்டைக் கட்டு ஒன்று எனக்கு 68 கிலோ வந்தது. தயாரிப்பாளர் முத்திரையும் பாக எண்ணும் பட்டையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தேன். பரப்பு ஒரே சீராக, பளபளப்பில்லாமல், நுண்ணிய புள்ளிகளோடு இருந்தால் எஃகுக் குண்டு அடிக்கப்பட்டது என்று பாய் சொல்லிக் கொடுத்திருந்தார். கறுப்புப் பெயிண்ட் தடித்து மின்னினால் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். அடியில் துருக்குழிகளோ, நீல நிறமோ, சம்மட்டித் தழும்போ தெரிந்தால் அது பழையது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம், பட்டையை நான் வாங்க மாட்டேன். எத்தனை லட்சம் முறை வளைந்த எஃகு என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. புது வண்டிகளில் வரும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த, இரண்டு மூன்று பட்டைகளே உள்ள பாராபோலிக் கட்டைப் போட்டால் வண்டி மிதக்கும் என்றும் ஆலோசனை வந்தது. பிராக்கெட், ஹவுசிங் மேடை, யூ போல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிய வேலை அது. பழைய முறைக் கட்டில் அதிலிருந்து ஒரு பட்டையை மட்டும் எடுத்துச் சேர்ப்பது அதைவிட மோசம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றினேன். வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனம் அடித்துக்கொண்டது, ஆனால் இருபது வருடப் பட்டை ஒரு பக்கமும் புதுப் பட்டை ஒரு பக்கமும் இருந்தால் மறுபடி அதே சாய்வுதான். ஹெல்பர் பட்டைகளில் விரிசல் இல்லாததால் அவற்றைக் கழுவி, துரு நீக்கி, மறுபடி மாட்டினோம். கட்டை இறுக்கும் முன் பாய் ஒன்றைக் காட்டினார். பட்டைகளைச் சும்மா ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் நடுப்பகுதியில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. கீழே போகப் போகப் பட்டையின் வளைவு சற்றே கூடிக்கொண்டு போகிறது. சென்டர் போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடுகிறது, கீழ்ப் பட்டைகள் மெயின் பட்டையின் சுமையை முன்கூட்டியே பகிர்ந்துகொள்கின்றன. பழைய கட்டில் ஒரே ஒரு புதுப் பட்டையைச் சேர்த்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். புதிய சென்டர் போல்ட், புதிய புஷ், புதிய பின், புதிய யூ போல்ட்டுகள். யூ போல்ட்டை ஒரு முறை இறுக்கினால் அது நீண்டுவிடும், இரண்டாம் முறை அதே பிடிப்பைத் தராது. வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகு, நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். கடைசியாக முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை இரு பக்கமும் அளந்தோம். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். ஒடிவதற்கு முன்பே இது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

பில்: 136 கிலோ பட்டை கிலோ 140 ரூபாய் வீதம் 19,040, புஷ்ஷும் பின்னும் 3,100, யூ போல்ட் நட்டோடு நான்கு, 1,900, சென்டர் போல்ட்டும் கிளிப்பும் 460, கூலி 4,500. ஆக மொத்தம் 29,000. இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். செய்யாததால் வீணானது முதல் பட்டறைக்கு 7,800, மலையில் நின்றதற்கு 17,600, டயர் இரண்டுக்கு 11,000, ஒன்பது நாள் ஓடாததற்கு நாளொன்றுக்கு 2,500 என்று வைத்தால் 22,500, கூட்டினால் 58,900. சரியான பட்டையின் விலை இதில் சேராது. தீபாவளிக்கு முன் கூடுதலாக நான்கு நடை ஓட்டும் ஆசையில் அதைவிட அதிகமான நடைகளை இழந்தேன்.

புதுப் பட்டை முதல் சில நடைகளில் சற்று இறங்கி நிலைக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமரும்போது யூ போல்ட்டில் சிறு தளர்வு வருவதால், முதல் பாரம் இறக்கியவுடன் ஒரு முறையும், ஐந்நூறு கிலோமீட்டருக்குள் மறுமுறையும் இறுக்கினேன். முதல் முறை கால் சுற்றுக்கு மேல் ஏறியது, இரண்டாம் முறை அசையவே இல்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியை வீட்டுக்கு எதிரே சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் இடையே அளந்து டைரியில் எழுதுகிறேன். பட்டை ஓரங்களில் செந்நிறத் துருப்பொடி கசிகிறதா, பட்டைகள் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். துருப்பொடி கசிந்தால் உள்ளே ஏதோ உரசுகிறது என்று பொருள்.

அந்த டைரியின்படி முன்பக்கத்து இடது பட்டை ஆறு மாதத்தில் 9 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. முன்பட்டையில் தவறுக்கு இடம் இன்னும் குறைவு. வளைவு மாறினால் ஸ்டியரிங்கின் பிடிப்பே மாறும், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் சாய்வு ஆப்பை எந்தப் பக்கம் தடித்தபடி வைத்திருந்தார்களோ அதே பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனைக்கு முன் இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருக்கிறேன். அளவுத் தாளை எழுதி முடித்துவிட்டேன், ஆப்பின் கனத்தை மட்டும் கழற்றும்போதுதான் அளக்க முடியும்.